புதிதாக வரும் எந்தக் குடும்பமும் தனித்து நிற்கக் கூடாது: வீட்டுவழிக் கல்வி குறித்த எங்கள் நிலைப்பாடு

தமிழ்நாட்டில் வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோரும், அவர்களுக்குத் துணைநிற்கும் ஆசிரியர்களும் சிறப்பாசிரியர்களும் சேர்ந்து இயங்கும் அமைப்பு எங்களுடையது. வீட்டுவழிக் கல்வி என்றால் ஆங்கிலம் பேசும், வசதியுள்ள, பெருநகரக் குடும்பங்களின் விருப்பம் என்ற எண்ணம் இன்னும் பரவலாக இருக்கிறது. ஆனால் எங்களிடம் வருகிறவர்கள் உண்மையில் பல தரப்பினர். ஆட்டிசம் உள்ள மகனுக்கு இடமில்லை என்று பள்ளி பள்ளியாகக் கேட்டுச் சலித்த தாய் வருகிறார். சாதியைச் சொல்லி மகளை வகுப்பில் இழிவுபடுத்தியதைப் பொறுக்க முடியாத தகப்பன் வருகிறார். நடையும் பேச்சும் ஆண்பிள்ளை மாதிரி இல்லை என்று தினமும் கேலிக்கு ஆளான பிள்ளையின் வீட்டார் வருகிறார்கள். பிழைப்புக்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் திருப்பூருக்கு வந்து, கல்வியாண்டின் நடுவே ஊர் மாறுகிறவர்கள் உண்டு. கணவர் வளைகுடாவில் இருக்க, மாமியார் துணையோடு பிள்ளைகளை வளர்க்கும் பெண்கள் உண்டு. பேரனை வளர்க்கும் பாட்டிகள் உண்டு. மதிப்பெண்ணுக்காகவே நடக்கும் படிப்பு வேண்டாம் என்று யோசித்து முடிவெடுத்தவர்களும் உண்டு.

எங்கள் நிலைப்பாடு இது: வீட்டுவழிக் கல்விக்குப் புதிதாக வரும் எந்தக் குடும்பத்துக்கும், அதன் சாதி, மதம், மொழி, வருமானம், பெற்றோரின் படிப்பு, குடும்ப அமைப்பு எதுவானாலும், நேர்மையான தகவலும் கூடவே வரும் ஆளும் கிடைக்க வேண்டும். அந்தத் துணை அந்தக் குடும்பத்தின் நிலைமையிலிருந்து தொடங்க வேண்டும். பிள்ளை என்றைக்கு வேண்டுமானாலும் பள்ளிக்குத் திரும்பும் வழி திறந்தே இருக்க வேண்டும்.

பள்ளியின் மதிப்பை அறிந்தே பேசுகிறோம்

பள்ளிக்கு எதிரான இயக்கம் அல்ல நாங்கள். 1956-இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022-இல் வந்த காலை உணவு ஆகியவை இந்த மண்ணில் பள்ளியைப் பாடம் நடக்கும் இடம் என்பதைவிடப் பெரிய ஒன்றாக ஆக்கின. படிப்பு மறுக்கப்பட்ட சாதிகளின் முதல் தலைமுறை எழுத்தறிந்ததும் அரசு வேலைக்குப் போனதும் பெரும்பாலும் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி வழியாகத்தான். ஆகவே பள்ளியை விடுவது எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே எடையுள்ள முடிவு அல்ல. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை விலகினால் பெரும்பாலும் கட்டணம் மிச்சமாகும். அரசுப் பள்ளிப் பிள்ளை விலகினால் கையில் இருக்கும் உரிமைகள் பறிபோகும்.

எனவே புதிய குடும்பத்துடனான முதல் பேச்சிலேயே இழப்புகளைப் பட்டியலிட்டுச் சொல்ல வேண்டும் என்கிறோம். உணவு, சீருடை, புத்தகம், பஸ் பாஸ் இவை கண்ணுக்குத் தெரிபவை. தெரியாதவை பின்னால் வரும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. 2021-இல் அது பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. உயர்கல்விக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் மாணவர் எந்தப் பள்ளியில் படித்தார் என்பதைப் பார்க்கின்றன. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமைக்குப் பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் நடந்ததற்குச் சான்று வேண்டும். ஏழாம் வகுப்பில் எடுக்கும் முடிவு பதினெட்டு வயதில் விலை கேட்கும். அந்த விலை தெரிந்தபின் ஒரு குடும்பம் எடுக்கும் முடிவை, அது எதுவானாலும், மதிப்போம். தெரியாமல் எடுக்கவிடுவதை ஏற்கமாட்டோம்.

சட்டத்தை உள்ளபடி சொல்ல வேண்டும்

குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதன் 10-ஆம் பிரிவு. சேர்க்காத பெற்றோருக்கு அச்சட்டம் தண்டனை எதையும் விதிக்கவில்லை. வீட்டுவழிக் கல்வியை எல்லாருக்கும் பொதுவான உரிமையாக அது அறிவிக்கவும் இல்லை. 2012-இல் வந்த திருத்தம், பல்வகை ஊனமும் கடும் ஊனமும் உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமையை வெளிப்படையாகத் தந்தது.

ஆகவே “ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்” என்று சொல்லி அனுப்புவதும் தவறு, “போலீஸ் வரும்” என்று மிரட்டுவதும் தவறு. படித்த, நகரத்துக் குடும்பத்தின் கதவைத் தட்டும் அதிகாரி மரியாதையாகப் பேசிவிட்டுப் போகலாம். குடிசைப்பகுதிக் குடும்பத்திடம் அதே அதிகாரியின் குரல் மாறலாம். சட்டத்தின் மௌனம் எளியவர்கள் மேல்தான் அதிகமாக விழுகிறது. அதனால்தான் தெளிவான விதி வேண்டும் என்று கேட்கிறோம்.

வெளியே தள்ளப்படுவது தேர்வு ஆகாது

“உங்கள் பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தால் நல்லது” என்று பள்ளி நிர்வாகம் சொல்லி அனுப்பிய குடும்பத்தை வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுத்த குடும்பமாக நாங்கள் கணக்கிடுவதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இருபத்தொரு வகை ஊனங்களை ஏற்கிறது. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் இந்தப் பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்கிறது. இப்படி வருகிறவர்களிடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, அந்த இடம் திரும்பக் கிடைத்தால் பிள்ளையை அனுப்ப விருப்பமா என்பது. விருப்பம் என்றால் மனு எழுதவும் அலுவலகங்களுக்கு உடன் வரவும் ஆள் தர வேண்டும். சாதி இழிவும் பால் அடையாளத்தை வைத்த துன்புறுத்தலும் நடந்த இடத்தில், புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது குடும்பத்தின் முடிவு. கொடுத்தால் கூட நிற்போம். கடும் ஊனமுள்ள பிள்ளையின் பெற்றோர், பள்ளிப் பதிவிலிருந்து பெயரை எடுக்கும் முன் வட்டார வள மையத்துக்குப் போய்ச் சிறப்பாசிரியர், இயன்முறை மருத்துவர் வழியாகக் கிடைக்கும் வீட்டுவழிப் பயிற்சியைக் கேட்டறிய வேண்டும். பல குடும்பங்கள் பணம் கட்டித் தேடும் தெரபி அங்கே கட்டணமின்றிக் கிடைக்கிறது.

துணை எப்படி இருக்க வேண்டும்

புதியவர்களுக்கான வழிகாட்டுதல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. வீட்டில் ஒருவர் முழுநேரமும் இருப்பார், தனி அறை இருக்கும், மாதாமாதம் பாடப்பொருள் வாங்கப் பணம் இருக்கும் என்று அது எண்ணிக்கொள்கிறது. இந்த மூன்றும் இல்லாத வீட்டிலும் பிள்ளை நன்றாகக் கற்க முடியும் என்பதே எங்கள் உறுதியான நம்பிக்கை.

தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாக உள்ளன. கல்வித் தொலைக்காட்சி 2019 முதல் ஒளிபரப்பாகிறது. கிளை நூலகம் பல ஊர்களில் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி பாடம் எடுக்க முடியாது. ஆனால் பேரனை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம், சந்தைக் கணக்கை அவனிடம் விடலாம், தனக்குத் தெரிந்த விதையையும் பருவத்தையும் சொல்லலாம். வாரம் இருமுறை வந்து எழுத்தையும் கணக்கையும் பார்த்துக்கொள்ள ஒரு தன்னார்வலர் இருந்தால் அந்த வீட்டில் படிப்பு நடக்கும். பகலில் பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் மாலையும் ஞாயிறும் படிப்பு நேரமாகலாம். ஆனால் பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் யார் என்று தெரியாமல் பள்ளியை விடுவதை நாங்கள் ஆதரிப்பதில்லை. ஒடியாவோ இந்தியோ பேசும் பிள்ளைக்குத் தாய்மொழியில் வாசிக்கப் பழக்கிக்கொண்டே, தெருவில் விளையாடவும் கடையில் பேசவும் தமிழ் வர வழி செய்ய வேண்டும்.

இந்தப் பாரம் பெரும்பாலும் அம்மா தலையில்தான் விழுகிறது. அவர் வேலையை விட்டுவிட்டு, சமையலோடு படிப்பையும் சுமந்து, உறவினரின் “பிள்ளை வாழ்க்கையைக் கெடுக்கிறாயே” என்ற பேச்சையும் தனியே தாங்குகிறார். வருகிற ஒவ்வொரு குடும்பத்திடமும் அப்பா என்ன செய்வார், எந்த நேரம் அவர் பொறுப்பு என்று கேட்போம். முதல் சில மாதங்கள் பள்ளி மணியடிப்பதைப் போல வீட்டில் பாட அட்டவணை போட வேண்டாம் என்றும் சொல்கிறோம். அவமானப்பட்டு வந்த பிள்ளைக்கு முதலில் தூக்கமும் விளையாட்டும் பேச்சும் திரும்ப வேண்டும்.

தேர்வும் சான்றிதழும்

பதின்வயதை நெருங்கும்போது சான்றிதழ் கவலை வருவது நியாயம். 1989-இல் நிறுவப்பட்ட தேசிய திறந்தநிலைப் பள்ளி 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு நிகரான அடிப்படை நிலைகளையும், பதினான்கு வயதானவர்களுக்குப் பத்தாம் வகுப்பையும் நடத்துகிறது. பொதுத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை; ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள். பத்தாம் வகுப்பைத் தமிழிலும் எழுதலாம். மாநிலப் பாடத்திட்டம் வேண்டுவோர் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்புத் தேர்வுகளைத் தனித்தேர்வர்களாக எழுதலாம். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கும் பதிய வேண்டும் என்பதை மறந்து தவிக்கிறவர்கள் உண்டு. எந்தச் சான்றிதழ் எந்தப் படிப்புக்கும் எந்த அரசு வேலைக்கும் ஏற்கப்படும் என்பதை, பணம் கட்டும் முன், அந்தந்த ஆண்டு விதியைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். பள்ளியை விடும்போதே மாற்றுச் சான்றிதழ் (டி.சி.), கல்வித்துறைப் பதிவில் உள்ள மாணவரின் எமிஸ் எண், பிறப்புச் சான்று, சாதிச் சான்று ஆகியவற்றை வாங்கிப் பத்திரப்படுத்துவது முதல் வேலை.

நாங்கள் ஒருபோதும் ஏற்காதவை

வீட்டுவழிக் கல்வி என்ற பெயரில் பிள்ளையை வேலைக்கு அனுப்புவதையும், வயதுக்கு வந்த பெண்ணை நிறுத்தி வீட்டில் வைப்பதையும், பதினெட்டு நிரம்பும் முன் திருமணம் பேசுவதையும் நாங்கள் ஏற்கமாட்டோம். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 2016 திருத்தத்தின்படி, பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் குடும்பத் தொழிலில் உதவப் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் இடம் தருகிறது. வீட்டில் படிக்கும் பிள்ளைக்குப் பள்ளி நேரம் என்று ஒன்று இல்லை. அந்த இடைவெளியில் ஒரு பிள்ளையின் பகல் முழுவதும் தறியிலும் கடையிலும் கரைந்துபோகலாம். எங்களோடு சேரும் குடும்பங்கள் பள்ளி நாளுக்கு நிகரான நேரத்தைப் படிப்புக்கும் விளையாட்டுக்கும் ஒதுக்குவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளையிடம் தனியே பேசி அதன் விருப்பத்தைக் கேட்போம். ஆபத்து என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குத் தெரிவிப்போம். இதில் எந்தச் சமூகத்துக்கும் விலக்கு இல்லை.

அரசிடமும் பள்ளிகளிடமும் கேட்பவை

மாவட்ட அளவில் எளிய பதிவு முறை வேண்டும். பதிவே கூடாது என்று நினைக்கும் வீட்டுவழிக் கல்விக் குடும்பங்கள் உண்டு. அதிகாரியின் தலையீட்டுக்கு அஞ்சும் அவர்கள் கவலை எங்களுக்குப் புரிகிறது. ஆனால் பதிவு இல்லாதபோது, பள்ளி செல்லாக் குழந்தைகளின் கணக்கெடுப்பில் எல்லாரும் ஒரே பட்டியலில் விழுகிறார்கள். உண்மையில் படிப்பு நின்றுபோன பிள்ளையும் அதனுள் மறைந்துவிடுகிறது. தேர்வு வைக்காமல், ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளையோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து பேசும் முறை போதும். பதிந்த பிள்ளைகள் அருகிலுள்ள அரசுப் பள்ளியின் நூலகம், ஆய்வகம், விளையாட்டுத் திடல் ஆகியவற்றைப் பயன்படுத்தவும், வட்டார வள மையத்தின் உதவியைப் பெறவும் ஆணை வேண்டும்.

திரும்பிவரும் பிள்ளையை ஏற்கும் கடமை பள்ளிகளுக்கு ஏற்கெனவே உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தரச் சொல்கிறது; பதினான்கு வயதைக் கடந்தாலும் தொடக்கக் கல்வி முடியும்வரை இலவசமாகப் படிக்கலாம். வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்க 14-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. இந்தப் பிரிவுகளைத் தலைமையாசிரியர்களுக்குச் சுற்றறிக்கையாக அனுப்பக் கேட்கிறோம்.

எங்கள் வாக்குறுதி

எங்கள் கூட்டங்களும் வழிகாட்டுதலும் தமிழில், கட்டணமின்றி நடக்கும். பாடத்திட்டம் எதையும் விற்கமாட்டோம். ஒரு குடும்பத்தின் சாதியையோ நம்பிக்கையையோ வைத்து அதை ஒதுக்கும் எவருக்கும் எங்களிடம் இடமில்லை. ஓராண்டு முடிந்து பள்ளிக்குத் திரும்பும் குடும்பத்தைத் தோற்றவர்களாக நடத்தமாட்டோம். சேர்க்கைக்கும் கூடவே வருவோம். ஏற்கெனவே சில ஆண்டுகள் கடந்த ஒவ்வொரு குடும்பமும் தன் ஊரில் புதிதாக வரும் ஒரு குடும்பத்துக்கு ஓராண்டு பொறுப்பேற்க வேண்டும். தன்னைப் போன்ற குடும்பத்தைத் தேடாமல், தனக்கு அருகில் இருக்கும் குடும்பத்தை ஏற்க வேண்டும். எங்கள் உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் இதைக் கடமையாகவே வைக்கிறோம்.