பூட்டும் பற்றுச்சீட்டும்

வரக்காப்பொலயில் கண்டி வீதியோரம் தலகுலி வாங்குபவர் பற்றுச்சீட்டுக் கேட்பதில்லை, தேவையுமில்லை. பழைய மடிக்கணினி வாங்குபவர் அப்படித் திரும்பிவிடலாகாது.

தோட்டப்புற மாணவர் சிலர் என்னிடம் ஒரே முறைப்பாட்டைச் சொல்கின்றனர். கணினியை இயக்கியதும், விண்டோஸ் தோன்றுமுன்னரே கடவுச்சொல் கேட்கிறதாம். இது 'பயோஸ்' பூட்டு. விண்டோஸை மீள நிறுவினாலும் நீங்காது. பழைய மேசைக் கணினிகளில், தாய்ப்பலகையிலுள்ள சிறு மின்கலத்தைச் சற்று நேரம் கழற்றி வைத்தால் பெரும்பாலும் அழிந்துவிடும். மடிக்கணினிகள் பலவற்றிலோ, மின்சாரமின்றியும் மறவாத தனி நினைவகச் சில்லில் அது பதிந்திருக்கிறது. திங்க்பேட் கையேடுகளில் லெனோவோ வெளிப்படையாகவே சொல்கிறது: மேற்பார்வையாளர் கடவுச்சொல்லை மறந்தால் தாய்ப்பலகையையே மாற்ற வேண்டும், அதற்கும் வாங்கியதற்கான சான்று வேண்டும்.

இது கொடுமை என்பர் சிலர். நான் அவ்வாறு கருதவில்லை. எல்லோருக்கும் திறக்கும் பூட்டு திருடனுக்கும் திறக்கும். பற்றுச்சீட்டுக் கேட்கும் திருத்துநரைக் கோபியாதீர்கள், கேளாதவரையே ஐயுறுங்கள். குற்றம், பூட்டையும் நீக்காமல் சீட்டும் கொடுக்காமல் விற்பவருடையது. கொழுந்து பறித்துச் சேர்த்த பணம் அங்கேதான் பறிபோகிறது.

ஆறுதல் ஒன்றுண்டு. வன்தட்டுக்குத் தனிப் பூட்டோ மறையாக்கமோ இல்லையெனில், அதைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துக் கோப்புகளை மீட்கலாம்.

ஆகவே பெற்றோரே, பணத்தை நீட்டுமுன் கணினியை அணைத்து மீண்டும் இயக்கச் சொல்லுங்கள். பயோஸ் அமைப்பினுள் நுழைந்து காட்டச் சொல்லுங்கள். நீங்களே பூட்டுவதாயின், கடவுச்சொல்லைத் தாளில் எழுதிப் பற்றுச்சீட்டுடன் வீட்டில் வையுங்கள்.