கச்சேரி முடிஞ்சதும் பெட்டியை யார் தூக்குறாங்க?

ஆடி மாசம் கோயில் கச்சேரி சீசன். எங்க ஓ.பி.யில இடுப்பு வலின்னு வர்ற மெல்லிசைக் குழு ஆட்கள் பெரும்பாலும் பாடுறவங்க இல்ல. ஸ்பீக்கர் பெட்டி தூக்குறவங்க.

எல்லாம் சரியா அமைஞ்சாலும் ஒரு ஆள் தூக்குறதுக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் சொல்ற உச்ச எடை 23 கிலோ. பழைய மர பேஸ் பெட்டி பலது 40 கிலோவைத் தாண்டும். வேன்ல இருந்து குனிஞ்சு, இடுப்பைத் திருப்பி இறக்கினா அந்த 23-ம் இன்னும் குறையும். இதை ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்துல செய்றாங்க.

"பெல்ட் போட்டா போதுமா டாக்டர்?" போதாது. வேலை செய்ற முறையைத்தான் மாத்தணும்.

சின்னச் சக்கரம் திடல் மண்ணுல புதைஞ்சிடும். காத்தடிச்ச டயர் வச்ச தள்ளுவண்டி வாங்குங்க. வேனுக்கு ஒரு சாய்வுப் பலகை வேணும். பெரிய பெட்டின்னா ரெண்டு பேர் பிடிங்க. டிஜிட்டல் மிக்சர் வாங்குறவங்க ஸ்டேஜ் பாக்ஸும் சேர்த்தே வாங்குங்க. கனமான மல்டிகோர் சுருளுக்குப் பதில் ஒரு நெட்வொர்க் கேபிள் போதும். (லேசர் லைட்டுக்குச் செலவு பண்றோம்ல?)

கால் மரத்துப் போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ தைலம் தேய்ச்சுட்டு இருக்காதீங்க. உடனே ஜி.எச். வாங்க.

விழா கமிட்டிக்காரங்களே, மேடைக்குப் பின்னாடி வேன் வந்து நிக்க வழி விட்டுப் பந்தல் போடச் சொல்லுங்க. அதுக்குச் செலவே இல்ல.