புதிய இயந்திரமா, பழையதற்கு ஒரு வாசரா?

மழை ஓய்ந்து இறைப்புத் தொடங்கும் தை மாதத்தில் எந்தக் கிராமத்துக்குச் சென்றாலும் ஒரே காட்சியைத்தான் காண்கிறோம். மூன்று மாதமாகக் கொட்டிலின் மூலையில் கிடந்த நீரிறைக்கும் இயந்திரம் முற்றத்துக்கு வருகிறது. கயிற்றை இழுக்கிறார்கள். ஒருவர் களைத்ததும் மற்றவர் இழுக்கிறார். பிளக்கைக் கழற்றித் துடைத்து, நாலு துளி பெற்றோல் விட்டுப் பார்க்கிறார்கள். பொழுதுபடும்போது அது சைக்கிள் கரியரில் ஏறிக் கராச்சுக்குப் போகிறது. அங்கே ஏற்கெனவே பத்து இயந்திரங்கள் வரிசையில் நிற்கின்றன. வெங்காயம் நட்டவருக்கு ஒரு கிழமை தாமதம் என்றால் என்ன என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

"தந்த மிஷின் சரியில்லை" என்பதே பொதுவான முறைப்பாடு. சில வேளைகளில் அது உண்மையும்கூட. ஆயினும் நாம் கண்ட அளவில், பழுதென்று ஒதுக்கப்பட்ட இயந்திரங்களுட் பெரும்பாலானவை உடைந்தவை அல்ல, அழுக்கடைந்தவை. காபரேற்றரில் மூன்று மாதம் தங்கிய மண்ணெண்ணெய் பிசினாகிவிட்டது. காற்று வடிகட்டி புழுதியால் அடைத்துவிட்டது. அல்லது உறிஞ்சு குழாயின் அடியிலுள்ள புட்வால்வில் ஒரு சிறு கல் சிக்கி, விட்ட தண்ணீர் எல்லாம் கிணற்றுக்கே திரும்புகிறது. இவற்றுக்கு மெக்கானிக் தேவையில்லை. அரை மணித்தியாலமும், சாவி இரண்டும், ஒரு பழந்துணியும் போதும்.

முன்பு நாம் இப்படி இருக்கவில்லை. 1990 முதல் பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில் குடாநாட்டில் பெற்றோல் கிடைக்கவில்லை, பற்றரி கிடைக்கவில்லை, உதிரிப்பாகம் கிடைக்கவில்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துச் சிறிது மண்ணெண்ணெய் விட்ட விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். பழைய ரியூப்பை வெட்டி வாசர் செய்தோம். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது, அரிசிக்கு அடுத்ததாக இயந்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நடந்தவர்கள் உண்டு. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியில் உழவு இயந்திரப் பெட்டியே பல குடும்பங்களுக்கு வீடாக இருந்தது. அதன் சில்லுக்குக் கிறீஸ் இருக்கிறதா, காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே உறங்கியவர்கள் நாம். பொருளைப் பேணுவது அன்று உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. பின்னர் பாதை திறந்தது, கடைகள் நிறைந்தன, தவணைக் கட்டணத்துக்குப் பொருள் தருவோர் வாசலுக்கே வந்தனர். "பழுதானால் புதிது வாங்கலாம்" என்ற எண்ணமும் கூடவே வந்தது. தவணைக் கடன் எத்தனை வீடுகளின் நிம்மதியைக் கெடுத்தது என்பதை அறியாதவர் இல்லை.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் ஏறியது. காற்று வடிகட்டி அடைத்த இயந்திரம் காற்றுக் குறைந்து கூடுதல் எண்ணெய் குடிக்கும், கரும்புகை தள்ளும். அந்தப் புகை எமது காசு. இயந்திரத்தின் கடற்பஞ்சு வடிகட்டியைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலரவிட்டு, சில துளி ஒயிலில் தோய்த்துப் பிழிந்து போடுவதற்கு என்ன செலவு?

ஒயில் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், ஏனெனில் இயந்திரங்கள் அதிகம் சாவது இங்கேதான். கைநூல்கள் வழமையாக 100 மணித்தியால ஓட்டத்துக்கு ஒரு தடவை ஒயில் மாற்றச் சொல்லும். மூன்று நாளுக்கு ஒரு முறை நான்கு மணித்தியாலம் இறைப்பவருக்கு 75 நாளில் 100 மணித்தியாலம் ஆகிவிடும். கிட்டத்தட்ட ஒரு வெங்காயப் போகம். ஆனால் மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்தில், எரியாத எண்ணெய் சிறிது சிறிதாக இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்கிறது. ஆகவே போகத்தின் நடுவிலும் ஒரு தடவை மாற்றுவது நல்லது. அளவுகோலை இழுத்துப் பார்க்கும்போது ஒயில் கூடியிருந்தால் மகிழ வேண்டாம், அது மண்ணெண்ணெய். இறைத்து முடிக்கும்போது நிறுத்துவதற்குச் சற்று முன்னர் பெற்றோலுக்கு மாற்றி ஓடவிட்டால் மறுநாள் கயிறு இழுக்கும் சிரமம் பாதியாகும். மாரிக்கு முன்னர் தாங்கியையும் காபரேற்றரையும் வெறுமையாக்கி, பிளக் துவாரத்தில் சில துளி ஒயில் விட்டு, கயிற்றை மெதுவாக இழுத்துப் பாரமாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி மூடி வையுங்கள். வால்வுகள் மூடியிருக்கும், ஈரம் உள்ளே போகாது. தண்ணீர் விடாமல் வெறுமனே ஓட்டிப் பார்ப்பதை மட்டும் ஒருபோதும் செய்ய வேண்டாம். பம்பின் சீல் எரிந்துவிடும்.

வடித்த ஒயிலைக் கிணற்றடியில் ஊற்றுபவர்களை இன்னமும் காண்கிறோம். எமது மண்ணின் கீழ் இருப்பது சுண்ணாம்புக்கல். ஊற்றியது வடிகட்டப்படாமலே கிணற்றுக்குப் போகும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த துயரம் 2015 அளவில் எல்லோராலும் பேசப்பட்டது. அதற்காகக் குரல் கொடுத்த நாமே எமது வளவில் அதைச் செய்யலாமா? பழைய ஒயிலைப் போத்தலில் அடைத்து வையுங்கள். வேலிக் கட்டைக்குப் பூசினால் கறையான் வராது. மருந்து தெளிக்கும் கருவிக்கும் இதே விதிதான். கிணற்றுக்கு எட்ட வைத்து மூன்று தண்ணீர் அலச வேண்டும். களைநாசினி அடித்த கருவியை அலசாமல் மிளகாய்க்கு அடித்து, முழுத் தோட்டத்தையும் கருக்கியவரை நாம் அறிவோம். பாவம், அவர் மருந்துக் கடைக்காரரைத்தான் ஏசினார். அடைத்த மூக்கை வாயால் ஊதவும் வேண்டாம். பழைய பல்துலக்கும் தூரிகை ஒன்றைக் கருவியோடு கட்டி வைத்தால் என்ன?

அடுப்பும் விளக்கும் பெண்களின் பொறுப்பு என்று விட்டுவிடுகிறோம். கிடுகுக் கொட்டிலில் வாழும் குடும்பத்துக்கு இது சிறு விடயம் அல்ல. திரி அடுப்பில் தீ மஞ்சளாக எரிந்து பானை கரி பிடிக்கிறதென்றால் திரி ஒழுங்காக இல்லை என்று பொருள். கருகிய நுனியை மட்டமாகக் கத்தரிக்க வேண்டும். எண்ணெயைத் துணியில் வடித்து ஊற்ற வேண்டும். தாங்கியின் அடியில் தங்கும் தண்ணீரை மாதம் ஒரு தடவையாவது கவிழ்த்து விட வேண்டும். எரியும் அடுப்புக்கு எண்ணெய் ஊற்றுவது எவ்வளவு அவசரமானாலும் கூடாது. காஸ் அடுப்பு வைத்திருப்பவர்கள் 2021 இறுதியில் நாடெங்கும் நடந்த விபத்துக்களை மறந்திருக்க மாட்டார்கள். குழாய் பொருத்திய இடத்தில் சவர்க்கார நுரை தடவிப் பார்த்தால் கசிவு தெரியும். நெருப்புக்குச்சி கொண்டு பார்க்க வேண்டாம். போத்தல் விளக்குச் சரிந்து எரிகாயம் பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்தே மனம் வெதும்பிய சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, சரியாத, சரிந்தாலும் உருளாத, திருகு மூடியுள்ள கட்டையான கண்ணாடி விளக்கொன்றை வடிவமைத்தார். 1998 இல் அதற்கு றோலெக்ஸ் விருது கிடைத்தது. அவ்விளக்கிலிருந்து நாம் கற்க வேண்டியது எளியது. அடி அகலமாக, மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். பத்துக் கன்னியரின் உவமையைப் பிரசங்கிக்கும்போது எண்ணெயைப் பற்றியே பேசுகிறோம். அவர்கள் விழித்தெழுந்ததும் செய்த முதல் வேலை விளக்கைச் சீர்படுத்தியது என்பதை ஏனோ சொல்வதில்லை.

இவ்வளவையும் மக்களிடம் மட்டும் சொல்லி முடித்தால் நாம் நேர்மையற்றவர்கள் ஆவோம். கொடுப்பவர்களும் கேட்க வேண்டும். கொடுப்பவர்களுள் திருச்சபையின் நிறுவனங்களும் அடங்கும். ஐந்து குடும்பங்களுக்கு ஒரு இயந்திரம் என்று கொடுத்தோம், படம் எடுத்தோம், அறிக்கை எழுதினோம். சாவி கொடுத்தோமா? மேலதிக பிளக் ஒன்று, வாசர் நாலு கொடுத்தோமா? ஆங்கிலத்தில் அச்சிட்ட கைநூலைப் பெட்டியோடு கொடுத்துவிட்டு, "எமது மக்களுக்குப் பொறுப்பில்லை" என்று கூட்டத்தில் பேசினோம். ஐவருக்குப் பொதுவான பொருளை யார் கழுவுவது என்று தீர்மானிக்காமல் கொடுத்தால் ஒருவரும் கழுவமாட்டார்கள். இது எமது மக்களின் குறையன்று, எங்கும் அப்படித்தான்.

போரில் கணவனை இழந்து தனியே தோட்டம் செய்யும் பெண்கள் வடக்கில் ஏராளம். பயிற்சிக்கு மட்டும் ஆண்களையே அழைக்கிறோம். மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் ஓர் அம்மாவைக் கண்டோம். இறைப்புக்கு ஒவ்வொரு தடவையும் அயல் வீட்டுத் தம்பி வந்து இயந்திரத்தை இயக்கிக் கொடுக்க வேண்டும். அவர் கூலி வேலைக்குப் போன நாளில் பயிர் வாடும். ஒரு பின்னேரம் முழுக்க இருந்து பிளக்கையும் வடிகட்டியையும் கழற்றிப் பூட்டக் காட்டினோம். "இவ்வளவுதானா தம்பி? தையல் மிஷினை விடச் சுகமாயிருக்கு" என்றார்.

எமது கருத்து இதுதான். அடுத்த ஆண்டுக்குப் புதிய இயந்திரங்கள் கோரும் விண்ணப்பங்களை எழுதுமுன், ஒவ்வொரு பங்கிலும் கொட்டிலில் கிடப்பவற்றை ஒரு நாள் முற்றத்துக்குக் கொண்டுவந்து எண்ணிப் பார்க்க வேண்டும். அதன் பின், ஒரு புதிய இயந்திரத்தின் விலையில் மூன்று கிராமங்களுக்குச் சாவிப் பெட்டி வாங்கி, ஒவ்வொன்றையும் மாதர் சங்கத்தின் பொறுப்பில் வைக்கலாம். 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர்களுள் ஒரு பகுதியினர் இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பவில்லை. அவர்கள் இன்று வாரத்துக்கு எடுத்த நிலத்தில் இறைக்கும் இயந்திரத்தோடுதான் நாளை தமது கிணற்றடிக்கும் போகப் போகிறார்கள். மாரி தொடங்குமுன் இதைச் செய்ய விரும்பும் பங்குகள் எமக்கு எழுதுங்கள். கழற்றிப் பூட்டக் காட்டுவதற்கு நாம் வருகிறோம். பழந்துணியும் சவர்க்காரமும் நீங்கள் வையுங்கள்.