யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள்?

நாளிதழுக்குள் மடித்து வந்த ஒரு துண்டுப் பிரசுரம் இந்த வாரம் முழுக்க என்னை எரிச்சலில் வைத்திருக்கிறது. பெண்களுக்கான முழுப் புற்றுநோய்ப் பரிசோதனையாம். ஒரே ஒரு முறை ரத்தம் கொடுத்தால் போதுமாம். சலுகை இந்த மாதத்தோடு முடிகிறதாம். பட்டியலில் முதலாவதாக நின்றது சிஏ 125. பரிசோதனைக்கூடங்களின் ‘பேக்கேஜ்’ வியாபாரத்தைப் பற்றி நான் எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். அந்தத் தாளைப் பார்த்த பிறகு இன்னொரு முறை எழுதாமல் இருக்க முடியவில்லை.

சினைப்பைப் புற்றுநோய் வந்தவருக்குச் சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க சிஏ 125 நல்ல சோதனைதான். ஆனால் எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்ணிடம் நோயைத் தேட அது உதவாது. மாதவிலக்கு நாட்களில் அதன் அளவு ஏறலாம். கர்ப்பத்தில் ஏறலாம். கருப்பையில் சாதாரண ஃபைப்ராய்டு கட்டி இருந்தாலும், நம் நாட்டை விட்டு இன்னும் போகாத வயிற்றுக் காசநோய் இருந்தாலும் ஏறலாம். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு இந்த ரத்தச் சோதனை, இன்னொரு பிரிவினருக்கு ஸ்கேன், மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. 2021-இல் வந்த முடிவின்படி எந்தப் பிரிவிலும் சினைப்பைப் புற்றுநோய் மரணம் குறையவில்லை. இந்தச் சோதனையைத்தான் காசு வாங்கிக்கொண்டு விற்கிறார்கள். 30 வயது தாண்டிய பெண்களுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனையும் மார்பகப் பரிசோதனையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அதைச் சொல்ல யாரும் துண்டுப் பிரசுரம் அச்சடிப்பதில்லை.

சரி, பரிசோதனை நல்லதாகவே இருந்து, நோயும் இருக்கிறது என்று வந்துவிட்டால்? அதற்கு அடுத்த நாட்கள்தான் எனக்கு அதிகக் கவலை தருகின்றன.

பெரியப்பா மகளுக்கு மார்பில் கட்டி. ஊசி போட்டு எடுத்த சதைப் பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன்கள், அத்தான், நான். ‘அவகிட்ட நீர்க்கட்டின்னு சொல்லி வச்சிருக்கோம். நீ எதையாவது உளறிடாத’ என்றார் சின்னண்ணன். இரண்டாம் நாளே மார்பை எடுத்துவிடுவது என்று வராந்தாவிலேயே பேசி முடித்திருந்தார்கள். அக்கா உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் ஆயுள் முழுக்கக் கணக்கு எழுதியவர். ஒரு பைசா இடித்தாலும் கண்டுபிடித்துவிடுவார். என்னைப் பார்த்ததும் கேட்டார்: ‘நீர்க்கட்டிக்கு ஏன்டா இத்தனை பேரு வந்து நிக்கிறீங்க?’

இப்படி வராந்தாவில் முடிவெடுக்கிற குடும்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் ரோஸ் குஷ்னரின் நினைவு வரும். அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்துப் பத்திரிகையாளர். 1974 ஜூனில் தன் மார்பில் கட்டி இருப்பதைக் கண்டார். அந்தக் காலத்தில் அங்கே எல்லாம் ஒரே மயக்கத்தில் நடந்துவிடும். கட்டியை எடுத்து, உறையவைத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். புற்றுநோய் என்றால் அப்போதே மார்பை மட்டுமல்லாமல் அடியிலுள்ள தசையையும் அக்குளின் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து அகற்றிவிடுவார்கள். பெண் கண் விழித்துத் தடவிப் பார்த்துத்தான் தனக்கு என்ன நோய் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

குஷ்னர் இதற்கு உடன்படவில்லை. சதையை மட்டும் எடுத்துச் சோதியுங்கள், முடிவைச் சொல்லுங்கள், மேற்கொண்டு என்ன என்பதை நான் சொல்கிறேன் என்றார். பல அறுவை மருத்துவர்கள் மறுத்த பிறகு ஒருவர் ஒப்புக்கொண்டார். புற்றுநோய் என்று உறுதியானதும் மருத்துவ நூல்களைத் தேடிப் படித்தார். பஃபலோ நகரின் ராஸ்வெல் பார்க் மருத்துவமனைக்குப் போய், மார்புத் தசையை விட்டுவைக்கும் அறுவையைச் செய்துகொண்டார். அதே ஆண்டு செப்டம்பரில் அதிபர் ஃபோர்டின் மனைவி பெட்டி மார்புக் கட்டிக்காக மருத்துவமனையில் சேர்ந்தபோது, இரண்டு கட்டமாகச் செய்யச் சொல்லுங்கள் என்று வெள்ளை மாளிகைக்கே போன் போட்டார். பலிக்கவில்லை. 1979-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவில் குஷ்னருக்கும் ஓர் இடம் கிடைத்தது. சோதனையையும் சிகிச்சையையும் பெரும்பாலும் தனித்தனியே செய்ய வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. அவர் 1990-இல் அதே நோயில்தான் இறந்தார். ஆனால் அந்த இரண்டு கட்டங்களுக்கு நடுவே கிடைக்கிற நாட்களை உலகப் பெண்களுக்கு வாங்கிக் கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர்.

அந்த நாட்களைத்தான் நம் வராந்தாக்கள் பறித்துக்கொள்கின்றன. தீவிர ரத்தப் புற்றுநோய் போன்ற சிலவற்றில் மணிக்கணக்குகூட முக்கியம், அது வேறு. மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலும் ஓரிரு வாரம் யோசிப்பதால் நோய் கைமீறிவிடாது. ‘கத்தி பட்டால் பரவும்’ என்று பயந்து நாட்டு மருந்தில் கழிக்கிற மாதங்கள்தான் ஆளைக் கொல்கின்றன.

அக்காவிடம் கடைசியில் மருத்துவரே உட்கார்ந்து பேசினார். ஆரம்ப நிலைதான், கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தாலும் மார்பை எடுப்பதற்குச் சமமான பலன் உண்டு என்றார். பெர்னார்டு ஃபிஷர் குழுவின் ஆய்வு 1985-லேயே நிறுவிய விஷயம் இது. அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வாரக்கணக்கில் தினமும் பஸ் ஏறி வந்து கரண்ட் வைத்துக்கொள்ளத் தன்னால் ஆகாது, மார்பை எடுத்துவிடுங்கள் என்றார். வராந்தாவில் எடுத்த அதே முடிவுதானே என்றார் சின்னண்ணன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்குப் போட்டவர் அக்கா.

அப்படித் தானே கணக்குப் போட விரும்பும் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எடுத்த சதையை ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்திருப்பார்கள். அதுதான் பிளாக். அதிலிருந்து மெல்லிய இழைகளாகச் சீவிச் சாயமேற்றியவை ஸ்லைடுகள். மார்பகப் புற்றுநோயில் ஈஆர், பிஆர், ஹெர்2 என்ற மூன்று ஏற்பிப் புரதங்களையும் அவற்றில்தான் பார்க்கிறார்கள். கீமோ முதலிலா, கத்தி முதலிலா என்பதே பலருக்கு இந்த மூன்றையும் பொறுத்தது. ஈஆர் இருந்தால் டமாக்சிஃபென் போன்ற விலை குறைந்த மாத்திரை பல ஆண்டுகள் காவல் நிற்கும். ஹெர்2 அறிக்கையில் 3 என்றால் டிராஸ்டுசுமாப் ஊசி உதவும். 2 என்றால் முடிவு தெரியவில்லை என்று பொருள். ‘ஃபிஷ்’ சோதனை செய்தாக வேண்டும். இந்த வரிகள் அறிக்கையில் இல்லையென்றால் ஏன் இல்லை என்று மருத்துவரிடம் கேளுங்கள். வேறொரு மருத்துவரின் கருத்து வேண்டுமென்றால் பிளாக்கையும் ஸ்லைடுகளையும் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான இடங்களில் தருவார்கள். அறிக்கையின் ஜெராக்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு அடையாறுக்கோ வேலூருக்கோ பஸ் ஏறினால், அங்கே முதலில் கேட்கப்போவது பிளாக்கைத்தான்.