கருவிழி கொடுத்து வாங்கிய இனாம்

சீட்டுப் பிடிப்பவர் யார், எந்த ஊர், யாருக்குச் சொந்தம் என்று விசாரிக்காமல் மொன்றியலின் சென்ட் லோரன்ட் தமிழர்கள் ஒரு டொலர்கூடக் கட்ட மாட்டார்கள். அதே வீட்டுப் பிள்ளையின் கைபேசிக்கு, "இணைந்தால் 50 டோக்கன் இலவசம், நண்பரைச் சேர்த்தால் இன்னும் 50" என்று தகவல் வந்தால் மட்டும் விசாரணை கிடையாது. காசு கேட்கவில்லையே!

கியூபெக் கிரிப்டோ மோசடியை அறியாத மாகாணம் அல்ல. 2017இல் 'பிளெக்ஸ்கொய்ன்' என்ற டோக்கன், 29 நாளுக்குள் 1,354 சதவீத லாபம் என்று ஆசை காட்டி விற்கப்பட்டது. மாகாண நிதிச் சந்தை ஆணையமான ஏ.எம்.எஃப். ஜூலையில் தடையுத்தரவு பெற்றும் விற்பனை நிற்கவில்லை. டிசம்பரில், உத்தரவை மதிக்காததற்காக அதன் சூத்திரதாரிக்கு இரண்டு மாதச் சிறை விதிக்கப்பட்டது. அங்கே காசு கைமாறியதால் சட்டத்துக்குப் பிடி கிடைத்தது. காசே கைமாறாத இடத்தில் எதைப் பிடிப்பது?

இதற்கு ஒரு பழைய விடை உண்டு. 1999இல் இணையத்தில் 'இலவசப் பங்கு' கொடுத்தவர்கள்மீது அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் நடவடிக்கை எடுத்தது. வாங்கியவர்கள் தங்கள் விவரங்களைப் பதிந்தார்கள், ஆள் சேர்த்தார்கள். அதுவே விலை என்றது. டோமஹாக் என்ற எண்ணெய் நிறுவனம், தன்னை விளம்பரப்படுத்தியவர்களுக்கு இனாமாக டோக்கன் கொடுத்த வழக்கிலும் 2018இல் அதே வாதம்தான்.

கென்யாவில் அந்த விலை இன்னும் அப்பட்டமாகத் தெரிந்தது. 2023இல் 'வேர்ல்ட்கொய்ன்' நிறுவனம் உருண்டைக் கருவி ஒன்றில் கருவிழியைப் பதிந்தவர்களுக்கு 25 டோக்கன் கொடுத்தது. அப்போதைய மதிப்பு ஏறத்தாழ 7,000 ஷில்லிங். நைரோபியில் வரிசை நீண்டது. ஆகஸ்டில் அரசு பதிவை நிறுத்தியது. 2025 மே மாதம் உயர் நீதிமன்றம் அந்த உடற்பதிவுகளை அழிக்கச் சொன்னது. டோக்கனை விற்றுவிடலாம். கருவிழியை மாற்ற முடியுமா?

2024 இறுதியில் முழுமையாக நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் 'மிக்கா' கிரிப்டோ சட்டம் இதை ஒரே விதியில் சொல்லிவிடுகிறது. இலவச டோக்கனுக்குச் சலுகை உண்டு. ஆனால் பதிலுக்குத் தனிப்பட்ட தகவலோ கட்டணமோ வேறு ஆதாயமோ கேட்டால் அது இலவசம் ஆகாது. கனடாவின் மாகாண ஆணையங்கள் இந்த உரைகல்லை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கியூபெக்குக்கு இது இன்னும் எளிது. உடற்பதிவுத் தரவுத்தளம் தொடங்குமுன் 60 நாள் அவகாசத்தோடு தகவல் ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது இங்கே ஏற்கெனவே சட்டம். மாகாணத்தின் தனியுரிமைச் சட்டமான 25ஆம் இலக்கச் சட்டத்தின் அபராதம் 2.5 கோடி டொலர்வரை, சில வேளை அதற்கு மேலும் போகும். இல்லாதது, தகவல் ஆணையத்தையும் ஏ.எம்.எஃப்.ஐயும் இந்த விஷயத்தில் ஒரே மேசையில் உட்கார வைக்கும் விதிதான்.

ஒட்டுமொத்தத் தடை வேண்டியதில்லை. 2020இல் யூனிஸ்வாப் என்ற கிரிப்டோ பரிமாற்றத் தளம் தன் பழைய பயனர்களுக்குத் தலா 400 டோக்கன் கொடுத்தபோது புதிதாக ஆள் சேர்க்கச் சொல்லவில்லை. அப்படிப்பட்டதை விட்டுவிடலாம். ஆள் சேர்ப்பு வெகுமதி வேறு சங்கதி. பிரிட்டன் 2023 அக்டோபரில் கிரிப்டோ விளம்பரங்களில் 'நண்பரைச் சேர்' ஊக்கத்தொகையைத் தடைசெய்தது. நம் வாட்ஸ்அப் குழுக்களில் டோக்கன் அழைப்பை அனுப்புபவர் முன்பின் தெரியாதவர் அல்லர்; மச்சானோ சித்தியோதான். அந்த நம்பிக்கைக்குக் கூலி கொடுப்பதைக் கியூபெக்கும் தடுக்க வேண்டும். அழைப்பு தமிழில் வருகிறது, ஏ.எம்.எஃப்.இன் எச்சரிக்கையும் தமிழில் வரட்டும்.