"திண்டி ஆய்த்தா?"

பெங்களூரில் காலை வேளையில் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் கன்னடத்தில் கேட்கும் முதல் கேள்வி "திண்டி ஆய்த்தா?" என்பதுதான். பலகாரம் சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். பஸ் நிறுத்தத்திலும் ஆபீஸ் வராந்தாவிலும் பாக்டரி வாசலிலும் அன்போடுதான் கேட்கிறார்கள். நம் ஸ்ரீராம்புரத்துத் தமிழரும் சிரித்துக்கொண்டே "ஆய்த்து" என்கிறார். வாரத்தில் பாதி நாள் அது பொய்.

உண்மையில் ஆனது என்ன? தெருமுனையில் ஒரு டீ, ஒரு பன். சிலருக்கு டீயும் பீடியும் மட்டும். அதற்குப் பிறகு பகல் ஒரு மணி வரை ஒன்றும் கிடையாது. ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், ரெயில்வேயில் காலை டூட்டி பார்ப்பவர்கள் எல்லோருக்கும் இதுதான் கதை. குமாஸ்தாக்களும் விலக்கல்ல. சட்டை மடிப்புக் கலையாமல் வெறும் வயிற்றோடு பைல் புரட்டுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர் என்பது வாசகர்களுக்கே தெரியும்.

ஆலைகள் ஓடிய காலத்தில் நிலைமை வேறு. பின்னி மில், மினர்வா மில் சங்கு ஊதுவதற்கு முன்பே ஸ்ரீராம்புரத்துச் சந்துகளில் அடுப்பு எரியும். வட ஆர்க்காடு, தர்மபுரி, சேலம் பக்கங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஊரில் சாப்பிட்டதையே இங்கும் சாப்பிட்டார்கள். கேழ்வரகுக் கூழ், களி, இல்லாவிட்டால் பழைய சோறும் வெங்காயமும். தூக்குவாளியில் மிச்சத்தை எடுத்துக்கொண்டு போவார்கள். ஆலைகள் மூடப்பட்டன, சங்குச் சத்தம் நின்றது, கூழ்ப்பானையும் பரணுக்கு ஏறிவிட்டது.

பணம் இல்லாததால் மட்டும் இப்படி ஆகவில்லை. கூழ் குடிப்பவன் பட்டிக்காட்டான், இட்லி தின்பவன் பட்டணத்தான் என்று ஒரு வெட்கம் நமக்குள் புகுந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கேட்டால் "இட்லி" என்று சொல்லும்படி பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் தாய்மார்களும் உண்டு. பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்தைப் பார்த்தாவது இந்த வெட்கம் போகவேண்டும். நாம் களி என்று சொல்லி ஒளித்து வைப்பதை அவர்கள் ராகி முத்தை என்று சொல்லித் தலைவாழை இலையில் விருந்தாளிக்குப் போடுகிறார்கள். 1996-ல் பிரதமரான தேவகவுடாவுக்குப் பிடித்த உணவு அது என்பது நாடறிந்த செய்தி. இந்தியாவிலேயே கேழ்வரகு அதிகம் விளையும் மாநிலமும் இதுதான். நூறு கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அதே அளவு அரிசியில் 10 மில்லிகிராம் தேறினால் பெரிது.

காலை ஆகாரம் என்பது அந்தந்த ஊர் மண்ணையும் வேலையையும் பொறுத்தது. அதில் உயர்வு தாழ்வு ஏது? கன்னியாகுமரிப் பக்கம் புட்டும் பழமும். தஞ்சை வட்டாரத்தில் பழையதும் தயிரும். மதுரையில் பொழுது விடியும் முன்பே தெருவோரத்தில் இட்லிக் கொப்பரை ஆவி கக்கும். யாழ்ப்பாணத்தார் இடியப்பத்துக்குச் சொதி ஊற்றிக்கொள்கிறார்கள். இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கோதுமை மாவில் கனமாகத் தட்டிய ரொட்டியைத் தேநீரோடு சாப்பிட்டுவிட்டு மலை ஏறுகிறார்கள். இங்கே துமகூர், பிடதி பக்கம் தட்டு அகலத்துக்குத் தட்டை இட்லி. பெங்களூர் ஓட்டல்களில் காராபாத்தும் கேசரிபாத்தும் ஒரே தட்டில் வந்தால் அதற்குச் சௌசௌபாத் என்று பெயர். மைசூர் லைனில் போகும் நம் ரெயில்வே நண்பர்கள் பலருக்கு மத்தூர் வடைதான் காலைச் சாப்பாடே. அதன் மொறுமொறுப்பைப் பற்றி எழுதப் புகுந்தால் தலையங்கம் இடம் போதாது.

இன்று கௌரவமாக ஓட்டலில் கேட்டு வாங்கும் ரவா இட்லிகூடப் பஞ்சத்தில் பிறந்த பிள்ளைதான். இரண்டாம் உலகப்போரில் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்து அங்கிருந்து அரிசி வருவது நின்றது. அந்தத் தட்டுப்பாட்டு நாட்களில் அரிசிக்குப் பதில் ரவையைப் போட்டு இட்லி வார்த்துப் பார்த்ததாகப் பெங்களூர் மாவள்ளி டிபன் ரூம்காரர்கள் சொல்கிறார்கள். கிடைத்ததை வைத்து வயிற்றை நிரப்பியவர்கள் அவர்கள். நாம் வீட்டில் கேழ்வரகு மாவு இருக்கும்போதே பன்னைத் தேடி ஓடுகிறோம்.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்ரீராம்புரத்துப் பெண்களில் பலர் இப்போது கார்மெண்ட்ஸ் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் காலையிலேயே புறப்படுகிறவர்கள். 2014-ல் ஸ்ரீராம்புரம் மெட்ரோ நிலையம் திறந்தபின் பீன்யா பக்கம் போவது சுலபமாயிற்று; அடுப்படி வேலை குறையவில்லை. எல்லோருக்கும் டப்பா கட்டிவிட்டுத் தான் சாப்பிடாமல் ஓடுபவள் அந்த அம்மாள்தான். முதல் நாள் இரவே கூழ் காய்ச்சி வைக்கவோ, தேங்காய் துருவவோ ஆண்பிள்ளைகளுக்குக் கை வராதா? ஆண்கள் இதைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடக் கூடாது.

அரசாங்கத்தின் பங்கும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2013-ல் அம்மா உணவகம் ஒரு ரூபாய்க்கு இட்லி கொடுத்தது. அதைப் பார்த்துக் கர்நாடகத்தில் 2017 ஆகஸ்டு 16-ந் தேதி இந்திரா கேண்டீன் திறக்கப்பட்டது. ஐந்து ரூபாய்க்குக் காலைப் பலகாரம், பத்து ரூபாய்க்குச் சாப்பாடு என்று தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் ஏழு, ஏழரை மணிக்கு மேல் பலகாரம் போட்டால், ஐந்தரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறவனுக்கு அதனால் என்ன பயன்? மெஜஸ்டிக், சிட்டி ரெயில் நிலையம், ஆலைத் தொழிலாளர் குடியிருந்த பழைய பேட்டைகள் ஆகிய இடங்களிலாவது விடியற்காலை ஐந்து மணிக்கே கேண்டீனைத் திறக்க நகர நிர்வாகம் ஏற்பாடு செய்யவேண்டும்.

பிள்ளைகள் விஷயம் இன்னும் அவசரம். காலைப் பிரார்த்தனை வரிசையில் மயங்கிச் சாயும் குழந்தையைப் பார்க்காத ஆசிரியர் இருக்கமாட்டார். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டு 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை சுடச்சுடப் போடுகிறார்கள். கர்நாடக அரசும் 2013 முதல் பள்ளிகளில் பால் கொடுத்து வருகிறது. மதியச் சாப்பாடும் உண்டு. பாலோடு ஒரு கை உப்புமாவும் சேர்ந்தால் கூடுதல் செலவு தாங்க முடியாததல்ல. கன்னடப் பிள்ளைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் உருதுப் பிள்ளைக்கும் ஒரே தட்டில் கிடைக்கும். இதில் மொழித் தகராறுக்கு இடமே இல்லை.

ஸ்ரீராம்புரத்தில் சங்கங்களுக்குக் குறைவில்லை. பொங்கல் விழாவுக்கும் ஆடி மாதக் கூழ் ஊற்றலுக்கும் வசூல் செய்கிறவர்கள், இந்த இரண்டு கோரிக்கைகளையும் மனுவாக எழுதிக் கையெழுத்து வாங்கித் தொகுதி எம்.எல்.ஏ.விடம் கொடுக்கலாம். கன்னடத்திலேயே எழுதட்டும், பக்கத்து வீட்டாரும் கையெழுத்துப் போடுவார்கள். பள்ளிக்கூடங்கள் திறக்கும் ஜூன் மாதத்துக்கு முன்பே கொடுத்துவிடவேண்டும்.