வெளிச்சம் நமக்கு, இருட்டு எதிரே வருபவருக்கா?

மைசூர் அக்ரஹாரத்திலும் அதை அடுத்த கிருஷ்ணமூர்த்திபுரம், சாமராஜபுரம் வட்டாரங்களிலும் பழைய கார்களின் மீதுள்ள பிரியம் இன்னும் குறைந்துவிடவில்லை. அம்பாசிடர் உற்பத்தி 2014ஆம் ஆண்டோடு நின்றது. மாருதி 800ம் அதே ஆண்டில் விடைபெற்றது. பிரீமியர் பத்மினி அதற்கும் வெகு முன்பே போய்விட்டது. ஆனாலும், “அப்பா வாங்கிய வண்டி, விற்க மனசு வரவில்லை” என்று துடைத்துத் துடைத்து வைத்திருக்கும் வீடுகள் உண்டு. கோயம்புத்தூரில் கல்யாணம், சேலத்தில் காதுகுத்து என்றால் நம்மவர்கள் பலர் குடும்பத்தோடு புறப்படுவது இந்த வண்டிகளில்தான்.

இப்படிப்பட்டவர்களைக் கேட்டால் எல்லோரும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள்: “ராத்திரியில் ரோடே தெரிவதில்லை சார்.” குறை நியாயமானது. ஆனால் அதற்கு அவர்கள் தேடிக்கொள்ளும் பரிகாரம்தான் நியாயமானதாக இல்லை. உதிரிப் பாகக் கடைக்குப் போகிறார்கள். நூறு வாட் பல்பு, நீல வெளிச்சப் பல்பு, எல்.இ.டி. பல்பு என்று கடைக்காரர் மேஜைமேல் பரப்புகிறார். இருப்பதிலேயே அதிகமாகக் கண்ணைக் கூசுவது எதுவோ அதை வாங்கி மாட்டிக்கொண்டு திரும்புகிறார்கள். அன்று முதல் அவர்களுக்கு ரோடு தெரிகிறதோ இல்லையோ, எதிரே வருபவருக்கு நிச்சயமாகத் தெரிவதில்லை.

பழைய காரின் வெளிச்சம் மங்குவதற்குப் பெரும்பாலும் பல்பு காரணமே அல்ல என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். விளக்கின் உள்ளே வெள்ளிபோல் மின்ன வேண்டிய பிரதிபலிப்புக் கிண்ணம் நாளடைவில் ஈரம் பட்டுக் கறுத்துவிடுகிறது. முன் கண்ணாடியில் புழுதி படிகிறது. பிளாஸ்டிக் முகப்பாக இருந்தால் வெயிலில் மஞ்சளித்துப் போகிறது. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் காரணங்கள். கண்ணுக்குத் தெரியாத காரணம் ஒன்று உண்டு. அதுதான் வயர்.

பழைய வண்டிகள் பலவற்றில் பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் டாஷ்போர்டு ஸ்விட்சுக்கு வந்து, டிம் ஸ்விட்சைச் சுற்றி, மெல்லிய வயர் வழியாக முன்பக்கம் போய்ச் சேருகிறது. முப்பது வருஷத்து வயரும், பாசி பிடித்த இணைப்புகளும், துருப்பிடித்த எர்த்தும் வழியெல்லாம் வரி வசூலித்துவிடுகின்றன. பல்புக்குப் போய்ச் சேர வேண்டிய வோல்டேஜில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சமும் பத்தில் ஒரு பங்குதான் குறையும் என்று நினைப்போம். அப்படி அல்ல. இழை பல்பில் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். இந்த நிலையில் எவ்வளவு உயர்ந்த பல்பை மாட்டினாலும், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

இனி பல்புகளைப் பார்ப்போம். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் 45/40 வாட் சாதாரண பல்பு இருந்தது. முதல் எண் பிரைட்டுக்கு, இரண்டாவது எண் டிம்முக்கு. பிறகு வந்தது எச்-4 எனப்படும் ஹாலஜன் பல்பு. இது 1971ல் ஐரோப்பாவில் அறிமுகமாகி உலகமெங்கும் பரவியது. இதன் அளவு 60/55 வாட். சரியான வோல்டேஜ் கிடைத்தால் பிரைட்டில் சுமார் 1,650 லூமென், டிம்மில் சுமார் 1,000 லூமென் வெளிச்சம் தரும். லூமென் என்பது வெளிச்சத்தின் அளவு. வாட் என்பது அதற்காகச் செலவாகும் மின்சாரத்தின் அளவு. இந்த 60/55 வாட் பல்பு ஊர்ச் சாலைக்கும் நெடுஞ்சாலைக்கும் போதுமானது. பழைய 45/40 வாட் பல்பின் அடி வட்டம் 45 மில்லிமீட்டர். எச்-4 பல்பின் அடி வட்டம் 43 மில்லிமீட்டர். ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றொன்றை இடுக்கி வைத்துத் திணிக்கக் கூடாது. எச்-4க்கென்று செய்யப்பட்ட கண்ணாடியும் கிண்ணமும் சேர்ந்த முழு விளக்கையே மாற்றுவதுதான் முறை. அதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. நாம் சாலையின் இடப்பக்கம் போகிறவர்கள். அமெரிக்கா, ஜெர்மனி போன்ற வலப்பக்க நாடுகளுக்குச் செய்த விளக்கு, ஒளியை வலப்புறம் தூக்கி அடிக்கும். இங்கே அந்த வலப்புறத்தில்தான் எதிரே வருபவர் இருக்கிறார்.

நூறு வாட் பல்பு (100/90 வாட்) என்ன செய்கிறது? 60 வாட் பல்பு இரண்டும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். நூறு வாட் இரண்டும் சேர்ந்தால் 16 ஆம்பியருக்கு மேல் போகும். அந்தச் சுமைக்கு அந்த வயரும் ஸ்விட்சும் செய்யப்பட்டவை அல்ல. ஸ்விட்சு சுடும், வயரின் உறை இளகும், ஹோல்டர் கருகும், கிண்ணத்தின் பூச்சு பொசுங்கும். ஆல்டர்னேட்டர் இல்லாமல் டைனமோவோடு ஓடும் வண்டியானால் பேட்டரியும் படுத்துவிடும். உறை இளகிய இரண்டு வயர்கள் ஒன்றையொன்று தொட்டால் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பின் சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும் வண்டியில் இந்தப் பரீட்சை எதற்கு?

நீலப் பல்பைப் பற்றி ஒரு வரி போதும். கண்ணாடிக்கு நீலச் சாயம் பூசினால் அந்தச் சாயம் வெளிச்சத்தை விழுங்குமே தவிரக் கூட்டாது. பார்வைக்குப் புதுசாக இருக்கும், அவ்வளவுதான்.

எல்.இ.டி. விஷயம் சற்று நுட்பமானது. எச்-4 பல்பை உற்றுப் பார்த்தால் உள்ளே இரண்டு இழைகள் தெரியும். டிம் இழைக்கு அடியில் சின்னஞ்சிறு உலோகக் கிண்ணி ஒன்று இருக்கும். கீழ்நோக்கிப் போகும் ஒளியை அது தடுப்பதால்தான், விளக்கிலிருந்து வெளிவரும் ஒளி மேலே எழாமல் ஒரு கோடு கிழித்தாற்போல் நிற்கிறது. இழை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் இந்தக் கணக்கு கெட்டுவிடும். அப்படிப்பட்ட விளக்குக்குள், இரண்டு தட்டையான பக்கங்களில் ஒளிப் புள்ளிகள் பதித்த எல்.இ.டி. பல்பைச் செருகினால் வெளிச்சம் எங்கெங்கோ சிதறும். வண்டியின் முன்னால் பத்தடி தூரம் பளீரென்று இருப்பதால், ஓட்டுகிறவர் “ஆகா” என்கிறார். தூரத்தில் இருள் இருந்தபடியே இருக்கிறது. சிதறிய மிச்சமெல்லாம் எதிரே வரும் ஸ்கூட்டர்காரரின் கண்ணில் போய் விழுகிறது. புதிய கார்களிலும் எல்.இ.டி. உண்டே என்று கேட்கலாம். அங்கே கண்ணாடி, கிண்ணம் எல்லாமே எல்.இ.டி.க்கென்று கணக்குப் போட்டுச் செய்யப்பட்டவை. இரண்டும் ஒன்றல்ல.

கண் கூசுவது ஒரு வினாடி சங்கடம் அல்ல. பார்வை பழைய நிலைக்குத் திரும்பப் பல வினாடிகள் ஆகும். வயது ஏற ஏற இந்த நேரமும் ஏறும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போகிறோம். மூன்று வினாடி பார்வை போனால், 50 மீட்டர் தூரம் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். அந்த 50 மீட்டருக்குள் யார் இருப்பார்கள்? மண்டியா பக்கமானால் பின்விளக்கு இல்லாத கரும்பு வண்டி. நஞ்சன்கூடு சாலையானால் கோயிலுக்கு நடந்து போகும் பக்தர். ஊருக்குள்ளானால் விடியுமுன்பே பூக்கூடையோடு மார்க்கெட்டுக்கு நடக்கும் அம்மாள். பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணிக்கு அடைபடும் என்பதால், அதற்குள் கடந்துவிட வேண்டும் என்று குண்டல்பேட்டை சாலையில் இரு திசையிலும் வண்டிகள் விரையும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொருவரும் மற்றவர் கண்ணைக் குருடாக்கிக்கொண்டு போகிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106வது விதி இதற்கென்றே இருக்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், வண்டியின் வலது ஓரத்துக்கு அரை மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யாதபடி ஒளி தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது அது. ஒன்றரை மீட்டர் என்பது நின்றுகொண்டிருக்கும் மனிதனின் கண் உயரம்தான். 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். 2024 ஜூலையில் கர்நாடகப் போலீசார் கண்ணைக் கூசும் விளக்குகளுக்கு எதிராக மாநிலம் முழுவதும் வழக்குப் போட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஆனால் போலீஸ்காரர் நிற்கும் இடத்தில் மட்டும் டிம் போடுவதால் யாருக்கு என்ன லாபம்?

“எல்லோரும் பளீரென்று வரும்போது நான் மட்டும் மங்கலாகப் போக வேண்டுமா?” என்று கேட்பவர்கள் உண்டு. ரயில்வேயில் எழுத்தராக வேலை பார்ப்பவன் என்ற முறையில் அவர்களுக்கு ஒன்று சொல்வேன். ரயில் தண்டவாளத்தை விட்டு விலகுவதில்லை. எதிரே வரும் ரயிலுக்குத் தனித் தண்டவாளம் இருக்கிறது. அப்படியிருந்தும், இரட்டைப் பாதையில் எதிரே ரயில் வரும்போது முகப்பு விளக்கை மங்கலாக்க வேண்டும் என்று ரயில்வேயின் பொது விதிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். நிலையத்தில் நிற்கும்போதும் அப்படியே. மோதவே முடியாத இருவர் ஒருவருக்கொருவர் காட்டும் இந்த மரியாதையை, கைப்பிடியளவு இடைவெளியில் கடந்து போகும் நாம் காட்டக் கூடாதா?

சரி, பழைய வண்டிக்காரர் என்னதான் செய்வது? செலவு குறைந்ததிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் கண்ணாடியை உள்ளும் புறமும் பார்த்துச் சுத்தம் செய்யுங்கள். கிண்ணம் கறுத்திருந்தால் விளக்கையே மாற்றுங்கள். இரண்டாவது, எர்த்தையும் இணைப்புகளையும் தேய்த்துச் சுத்தமாக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, பேட்டரியிலிருந்து நேராக, ப்யூஸ் வைத்து, கனமான வயரில் ரிலே போட்டுக்கொள்ளுங்கள். நல்ல எலக்ட்ரீஷியன் அரை நாளில் முடித்துவிடுவார். பல பேருக்கு இந்த மூன்றோடு குறை தீர்ந்துவிடும். அதன் பிறகும் வேண்டுமானால், 60/55 வாட் என்று தெளிவாக அச்சிட்ட, பெயர் பெற்ற கம்பெனியின் ஹாலஜன் பல்பை இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் மாற்றுங்கள். பல்பின் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகமாகச் சூடேறி, பல்பு சீக்கிரம் போய்விடும்.

கடைசியாக, விளக்கின் கோணம். சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் மைய உயரத்தைச் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். டிம் போட்டால் ஒளியின் மேல் விளிம்பு அந்தக் குறிக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். இடது ஓரத்தில் மட்டும் அது சற்று ஏறலாம். இதற்கு ஒரு திருப்புளியும் பத்து நிமிஷமும் போதும்.

இவ்வளவும் செய்த பிறகும் டிம் வெளிச்சம் எட்டும் தூரம் 40, 50 மீட்டர்தான். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நிற்க 40 மீட்டர் வேண்டும். 80 கிலோமீட்டரில் 60 மீட்டர் வேண்டும். ஆகவே இரவில் வேகத்தைக் குறைப்பதைவிட மலிவான, உயர்ந்த பல்பு எந்தக் கடையிலும் கிடையாது.

அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அபராதம் போடுவதோடு நில்லாமல், பெட்ரோல் பங்குகளில் மாதம் ஒரு நாள் விளக்கின் கோணத்தை இலவசமாகச் சரிபார்த்துக் கொடுக்க ஏற்பாடு செய்யலாம். எலக்ட்ரீஷியன்களும், “இந்தப் பல்பு உங்கள் வண்டிக்கு ஆகாது” என்று வாடிக்கையாளரிடம் துணிந்து சொல்ல வேண்டும். ஒரு பல்பின் லாபம் போனால் போகட்டும். சாலையில் எதிரே வருபவர் நம் வாடிக்கையாளராகவும் இருக்கலாம், நம் பிள்ளையாகவும் இருக்கலாம்.